தாளத்துக்குப் பட்டா கிடையாது

தகிட தகிட தகதிமி தக தகதிமி. கையில் தட்டிப் பாருங்கள். 3, 3, 4, 2, 4 என்று மொத்தம் 16. ஒவ்வொரு சொல்லும் தொடங்கும் இடத்தில் மட்டும் அடி விழ வேண்டும். 1955 மார்ச்சில் சிகாகோவில் எல்லாஸ் மெக்டேனியல் என்ற 26 வயதுக்காரர் இந்தக் கணக்கை மின்சார கிட்டாரில் அடித்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அவருடைய மேடைப் பெயர் போ டிட்லி. பாட்டுக்கும் அதே பெயர்தான். பக்கத்தில் ஜெரோம் கிரீன் என்ற கூட்டாளி மராக்காஸ் என்ற கிலுகிலுப்பையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். பாட்டு, கறுப்பினப் பாட்டுகளுக்கான ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

அதற்கப்புறம் அந்தத் தாளம் ஓயவே இல்லை. 1957-ல் பட்டி ஹாலி எடுத்துக்கொண்டார். அவர் பாட்டை 1964-ல் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு மறுபடி பாடியபோது தாளம் இன்னும் தடித்தது. 1975-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், 1987-ல் ஜார்ஜ் மைக்கேல், 1988-ல் யூ2 என்று ஆளாளுக்கு அதன் மேல் பாட்டுக் கட்டினார்கள். இவர்களில் யாரும் போ டிட்லிக்குத் தாளத்துக்காக ஒரு காசு தர வேண்டியிருக்கவில்லை. சட்டப்படி அது சரிதான். தாளத்துக்குப் பட்டா கிடையாது. நியாயமாகப் பார்த்தால் அவர் கண்டுபிடித்த தாளமும் இல்லை அது. கியூபா இசையில் கிளாவே என்று ஏற்கெனவே இருந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் தொடையிலும் மார்பிலும் தட்டிக்கொண்டு பாடும் ஹாம்போன் என்ற விளையாட்டிலும் இருந்தது. அடிமைகள் மத்தளம் வைத்திருக்கக் கூடாது என்று பல இடங்களில் தடை போட்டதால் உடம்பையே மத்தளமாக்கிக்கொண்டவர்களின் வித்தை அது. கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்ததும் அது எப்படி ஒலிக்கும் என்று காட்டியவர் போ டிட்லி. 2008-ல் இறக்கும்வரை அவருக்கு இதில் கசப்பு இருந்தது. கதவைத் திறந்துவிட்டது நான், எல்லாரும் உள்ளே ஓடிவிட்டார்கள், என் கையில் கைப்பிடிதான் மிஞ்சியது என்ற பொருளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ், ஆர் அண்ட் பி இசைக் கலைஞர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்பது இசை வாசகர்கள் அடிக்கடி கேட்ட கதை. பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கதை இரண்டு வேறு வேறு இழப்புகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறது. ஒன்று, பாட்டின் வரியும் மெட்டும். இதைச் சட்டம் சொத்து என்று ஒப்புக்கொண்டது, ஒப்பந்தம் பிடுங்கிக்கொண்டது. மற்றது, ஒலி: விரல் இழுக்கும் விதம், மூச்சு, தொண்டைக் கரகரப்பு, தாளத்தின் சாய்வு. இதைச் சட்டம் சொத்தாகவே பார்க்கவில்லை. முதல் இழப்பைப் பல வருடம் வழக்காடிக் கொஞ்சம் மீட்டார்கள். இரண்டாவதை மீட்க வழியே இருக்கவில்லை. உலகம் இவர்களிடமிருந்து பெரிதாக எடுத்துக்கொண்டதோ அந்த இரண்டாவதைத்தான்.

ப்ளூஸின் கட்டுமானத்தைப் பார்த்தால் ஏன் இப்படி ஆனது என்று புரியும். வழக்கமான ப்ளூஸ் 12 ஆவர்த்தனம், ஒவ்வொன்றுக்கும் 4 அடி. முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள். கீழே ஸ, ம, ப என்ற மூன்று ஸ்வரங்களின் மேல் எழுப்பிய மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) போதும். காந்தாரம்தான் விசேஷம். நம் கணக்கில் சொன்னால் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும், அதுவும் நிற்காமல் அசையும். கமகத்தில் பழகிய காதுக்கு இது அதிசயமே இல்லை. ஆனால் பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது, மேற்கத்திய இசைக்குறிப்பில் அதற்குப் புள்ளியும் கிடையாது. அமெரிக்காவின் 1909 காப்புரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பாட்டைப் பதிவு செய்யக் காகிதத்தில் எழுதிய குறிப்பைத்தான் கொடுக்க வேண்டும். இசைத்தட்டையோ ஒலிநாடாவையோ நீட்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 1978 வரை அதுதான் நிலைமை. ஆக, பாடகர் எந்த இடத்தில் உயிரை வைத்தாரோ அந்த இடம் அரசாங்கப் பதிவேட்டில் விழவே இல்லை.

போதாததற்கு ப்ளூஸ் வரிகள் ஊர் சுற்றும் வரிகள். ரயில் போகும் வரி, விடியலில் எழுந்து பார்த்தால் அவள் இல்லை என்ற வரி எல்லாம் பத்துப் பேர் பாட்டில் இருக்கும். யார் முதலில் சொன்னது என்று எவரும் கேட்டதில்லை. இந்த நீரோட்டத்தில் இசைத்தட்டுக் கம்பெனி வந்து நுழைந்தது. 1920 ஆகஸ்டில் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் பாடிய ஒரு ப்ளூஸ் பாட்டு எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பின மக்கள் தட்டு வாங்குவார்கள் என்பதே கம்பெனிகளுக்குப் புதுச் செய்தி. உடனே தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்துத் தயாரிப்பாளர் ரால்ஃப் பீர் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். தட்டு விற்ற காசு ஒரு முறை வரும், பதிப்பு உரிமை காலத்துக்கும் வரும். விக்டர் நிறுவனத்தில் சம்பளம் வேண்டாம், பாட்டுகளின் பதிப்பு உரிமை போதும் என்று ஏற்பாடு செய்துகொண்டு வேலை பார்த்தவர் அவர். கலைஞர்களிடம் புதுப் பாட்டு இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு வாங்கியதன் பின்னால் இருந்தது கலை ஆர்வம் மட்டுமல்ல.

ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்துக்கு ராயல்டி (விற்பனையில் பங்கு) என்ற பேச்சே இல்லை. 1923-லிருந்து கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் பெரிய விற்பனை நட்சத்திரங்களில் ஒருவர். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கையில் ரொக்கம், அத்தோடு கணக்கு முடிந்தது. 1937-ல் கார் விபத்தில் இறந்தார். ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே அவரைப் புதைத்த இடத்தில் 1970 வரை கல் கிடையாது. அந்த வருடம் கல் வைத்த இருவரில் ஒருவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். மற்றவர் ஹ்வானிட்டா கிரீன், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்தவர். கொலம்பியாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

மின்சாரம் ஏறிய குரல்

1941 ஆகஸ்டில் ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் வொர்க்கும் தட்டு வெட்டும் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு மிசிசிப்பி டெல்டாவுக்குப் போனார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரிக்கும் வேலை. கிளார்க்ஸ்டேலுக்குப் பக்கத்தில் ஸ்டோவால் பருத்தித் தோட்டத்தில் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட் என்பவரைப் பார்த்தார்கள். வார நாளில் டிராக்டர் ஓட்டுவார்; சனி இரவில் தன் குடிசையிலேயே சாராயமும் பாட்டும். ஊரில் அவரை மடி வாட்டர்ஸ் என்பார்கள். பதிவு செய்த பாட்டைப் போட்டுக் காட்டியபோதுதான் தன் குரல் வெளியிலிருந்து எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. இன்னொருவர் தட்டுக்கு இது குறைந்ததில்லை என்று தோன்றியிருக்கிறது. லோமாக்ஸ் பிறகு இரண்டு தட்டும் 20 டாலர் காசோலையும் அனுப்பி வைத்தார். மடி தன் தட்டை, காசு போட்டால் பாடும் ஒரு ஜூக்பாக்ஸில் போடச் செய்து கேட்டார்.

1943-ல் அவர் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அவர் மட்டுமா? 1910-லிருந்து 1970 வரை தெற்கிலிருந்து வடக்குக்கும் மேற்குக்கும் போன கறுப்பின மக்கள் சுமார் 60 லட்சம் பேர். மிசிசிப்பிக்காரர்களுக்கு இலினாய் சென்ட்ரல் ரயில் நேராகச் சிகாகோவில் இறக்கிவிடும். அங்கே தொழிற்சாலையில் கூலி உண்டு, ஓட்டுப் போடலாம், அடிக்குப் பயந்து தெருவை விட்டு இறங்க வேண்டாம். 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகை வாராவாரம் இதையெல்லாம் எழுதித் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தது. 1944 அக்டோபரில் கிளார்க்ஸ்டேலுக்குப் பக்கத்து ஹாப்சன் தோட்டத்தில் பருத்தி எடுக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். பல ஆட்களின் வேலையை ஒரே வண்டி செய்தது. திரும்பிப் போனாலும் இனி வேலை இருக்காது என்று ஆகிவிட்டது.

சிகாகோவின் தெற்குப் பக்கத்து மதுக்கூடங்களில் மரக் கிட்டார் எடுபடவில்லை. பேச்சுச் சத்தம், கண்ணாடிச் சத்தம், சண்டைச் சத்தம். மடி மின்சார கிட்டாருக்கு மாறியதற்குக் காரணம் இவ்வளவுதான்: யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் மாறியதும் வேறொன்று நடந்தது. சுண்டுவிரலில் மாட்டிய குழாயால் கம்பியை வழித்து வாசிக்கும் டெல்டா பாணிக்கு மரக் கிட்டாரில் ஆயுசு குறைவு. ஒலி எழும், உடனே அணையும். ஆம்ப்ளிஃபயரில் அதே ஒலி நீண்டு நிற்கும், அழும், கடைசியில் கொஞ்சம் கிழியும். பாடகரின் தொண்டை எங்கே நிறுத்தியதோ அங்கே கிட்டார் எடுத்துக்கொள்ள முடிந்தது. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த வழுக்கல் பிடிபடும், கிழிசல்தான் புதுசு.

1948 ஏப்ரலில் அரிஸ்டோகிராட் என்ற சின்னக் கம்பெனி அவருடைய தட்டை வெளியிட்டது. கம்பெனியில் பங்கு வாங்கியிருந்த லெனர்ட் செஸ்ஸுக்கு அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்றே முதலில் புரியவில்லையாம். போலந்திலிருந்து சிறுவனாக வந்த யூதர், மதுக்கூட முதலாளி. கிட்டாரும், தாழ்ந்த சுருதி வாத்தியமான பாஸும் மட்டும் வைத்துப் பதிந்த அந்தத் தட்டு வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. ஆளுக்கு ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால் பாடிய தனக்கே ஒன்றுதான் கிடைத்தது என்று மடி பின்னாளில் சொன்னதுண்டு. 1950-ல் கம்பெனியின் பெயர் செஸ் ரெகார்ட்ஸ் ஆனது. அதற்கு முந்தைய வருடம்தான் 'பில்போர்ட்' பத்திரிகை, கறுப்பினப் பாட்டுகளின் பட்டியலுக்கு தன் நிருபர் ஜெர்ரி வெக்ஸ்லர் சொன்ன 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற தலைப்பைப் போட்டிருந்தது. அதுவரை 'இனத் தட்டுகள்' என்றே அச்சடித்துக்கொண்டிருந்தார்கள்.

மடியின் குழுவில் மவுத் ஆர்கன் வாசித்தவர் லிட்டில் வால்ட்டர், லூயிசியானாக்காரர். சிகாகோ ப்ளூஸின் ஒலியை மாற்றியவர் யார் என்று கேட்டால் நான் மடியின் பெயருக்கு முன்னால் இவர் பெயரைச் சொல்வேன். மவுத் ஆர்கன் குழந்தை வாத்தியம், மலிவு விலை. ப்ளூஸ்காரர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். 'சி' சுருதி ஆர்கனை எடுத்து 'ஜி' சுருதியில் வாசிப்பார்கள், அதாவது ஆர்கனின் பஞ்சமத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொள்வார்கள். அப்போது முக்கிய ஸ்வரங்கள் ஊதும் பக்கத்திலிருந்து உறிஞ்சும் பக்கத்துக்கு வந்துவிடும். உறிஞ்சும்போது நாக்கையும் தொண்டையையும் மாற்றினால் ஸ்வரம் கீழே வளையும். தப்பிப்போன அந்த அசையும் காந்தாரம் இங்கே வாய்க்குள் கிடைக்கிறது. இது வால்ட்டருக்கு முன்பே இருந்தது. அவர் சேர்த்தது மைக். மலிவான ஒரு மைக்கை ஆர்கனோடு சேர்த்து இரண்டு கைக்குள்ளும் காற்றுப் போகாமல் பொத்திக்கொண்டு, அதைச் சின்ன ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தார். கீச்சென்றிருந்த வாத்தியம் சாக்ஸபோன் மாதிரி கனத்தது. பொறியாளர்கள் பிழை என்று சொல்லும் சிதைவை வேண்டுமென்றே வரவழைத்தார். 1952-ல் பாட்டே இல்லாத அவருடைய வாத்திய இசை ஒன்று ஆர் அண்ட் பி பட்டியலில் 8 வாரம் முதலிடத்தில் நின்றது.

இந்த ஒலிக்கு யாரிடம் போய் உரிமை கேட்பது? அடுத்தவர் பதிவில் பக்கவாத்தியமாக உட்கார்ந்தால் சங்கம் நிர்ணயித்த கூலி, ஐம்பதுகளில் சுமார் 41 டாலர். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதன் பிறகு ராக் இசையில் மவுத் ஆர்கனை மைக்கோடு பொத்திப் பிடித்த ஒவ்வொருவரும் வால்ட்டரின் வாரிசு. அவரோ 1968-ல் தெருச் சண்டையில் பட்ட அடியோடு போய்ப் படுத்து, 37 வயதில் இறந்தார்.

சிதைந்த ஒலிக்கு இன்னொரு பிறப்புக் கதையும் உண்டு. 1951-ல் ஐக் டர்னரின் குழு மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவுக்குப் போகும் வழியில் ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது. கிழிந்த ஸ்பீக்கரில் காகிதத்தை அடைத்து அப்படியே பதிவு செய்தார்கள். அந்தக் கரகரப்பு பிடித்துப்போய் ஊரே வாங்கியது. இன்று அதே கரகரப்புக்கென்று காலால் மிதிக்கும் பெட்டிகளைக் கடையில் விற்கிறார்கள்.

கடன் வாங்குவது இவர்களுக்குள் அவமானமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1954-ல் வில்லி டிக்சன் எழுதி மடி பாடிய ஒரு பாட்டில் குழு ஒரே ஒரு சொற்றொடரை அடித்துவிட்டு நின்றுவிடும். வெற்று வெளியில் குரல் பேசும். அடுத்த வருடம் போ டிட்லி அந்த உத்தியை எடுத்துத் தன் பாணியில் ஒரு பாட்டுப் போட்டார். உடனே மடி அதற்குப் பதிலாக இன்னொன்று பாடினார். எழுதியவர்கள் வரிசையில் மடியின் பெயரோடு மெக்டேனியல் பெயரும் இருக்கிறது. எடுத்தவர், கொடுத்தவர் இருவரும் ஒரே தெருவில் இருந்தார்கள், ஒரே கம்பெனியில் பாடினார்கள், ஒருவர் முகத்தை மற்றவர் மறுநாள் பார்த்தாக வேண்டும். கடல் தாண்டிப் போனதும் இந்தக் கட்டுப்பாடு அறுந்தது.

காகிதத்தில் இருந்த பெயர்

இனி சட்டம் ஒப்புக்கொண்ட சொத்தின் கதை. 1953-ல் செஸ் சகோதரர்கள், ஜாஸ் கலைஞர் பென்னி குட்மேனின் சகோதரர்களோடு சேர்ந்து ஆர்க் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். தட்டும் நம்முடையது, பாட்டும் நம்முடையது. கலைஞர் பணம் கேட்டு வந்தால் ஒரு காடிலாக் கார், ஒரு முன்பணம், மருத்துவமனைச் செலவு. கணக்கு மட்டும் கிடைக்காது. லெனர்ட் செஸ்ஸைத் திருடன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தத் தட்டுகளை அப்போது போடத் துணிந்த பெரிய கம்பெனி எது? ஆனால் தோட்டத்து முதலாளியின் கடையில் கடன் வைத்து வாழ்ந்தவர்கள், நகரத்துக்கு வந்தும் அதே மாதிரிக் கணக்கில் மாட்டினார்கள் என்பதை மறுக்க முடியாது.

பாடகர் சக் பெர்ரி 1955-ல் மடி வாட்டர்ஸ் சொல்லித்தான் செஸ்ஸைப் பார்க்கப் போனார். முதல் தட்டு வெளிவந்ததும் பார்த்தால் எழுதியவர்கள் மூன்று பேர்: பெர்ரி, வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், செஸ்ஸுக்குத் தெரிந்த வியாபாரி ரஸ் ஃப்ராட்டோ. மற்ற இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஃப்ரீடுக்கு, வானொலியில் திரும்பத் திரும்பப் போடுவதற்குக் கொடுத்த கையூட்டு அது, பணமாக இல்லாமல் பெயராக. அந்தப் பெயர்களை நீக்கிப் பாட்டு முழுக்க பெர்ரிக்கே வர 1986 ஆனது.

வில்லி டிக்சன் வேறு ரகம். 1937-ல் இலினாய் மாநிலத்தின் கோல்டன் கிளவ்ஸ் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். அப்புறம் செஸ்ஸில் பாஸ் வாசித்தார், பாட்டு எழுதினார், யார் எதைப் பாட வேண்டும் என்று முடிவும் செய்தார். மடிக்கும் செஸ்ஸின் இன்னொரு பாடகரான ஹவுலின் வுல்ஃபுக்கும் இடையே போட்டி. ஒரு பாட்டை வுல்ஃப் பாட மறுத்தால், சரி, இதை மடிக்காக எழுதினேன் என்று சொல்வாராம் டிக்சன். வுல்ஃப் உடனே பிடுங்கிக்கொள்வார். 1969-ல் இங்கிலாந்து ராக் குழுவான லெட் செப்ளின் வெளியிட்ட பெரிய வெற்றிப் பாட்டில், 1962-ல் மடிக்காக டிக்சன் எழுதிய வரிகள் பெயர் சொல்லாமல் உட்கார்ந்திருந்தன. 1985-ல் வழக்குப் போட்டார், 1987-ல் சமரசம் ஆனது, இப்போது அவர் பெயர் அச்சாகிறது. ஆர்க் மியூசிக்கோடும் வழக்காடித் தன் உரிமைகளில் பலவற்றை மீட்டார். அந்த அனுபவத்தில் ப்ளூஸ் ஹெவன் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். அவர் இறந்த மறுவருடம், 1993-ல், அவர் மனைவி மேரி டிக்சன் சவுத் மிச்சிகன் அவென்யூ 2120-ஆம் எண்ணில் இருந்த பழைய செஸ் ஸ்டுடியோ கட்டடத்தையே அறக்கட்டளைக்காக வாங்கினார்.

டிக்சன் ஜெயித்தது எதை வைத்து என்று கவனிக்க வேண்டும். வரிகளை வைத்து. அதே வரிகளுக்குப் பின்னால் வுல்ஃபின் குழுவில் கிட்டார் வாசித்த ஹியூபர்ட் சம்லினின் வெட்டி வெட்டிப் பாயும் பாணியை இங்கிலாந்தில் ஒரு தலைமுறை கிட்டார்காரர்கள் விரல் விரலாகப் பழகினார்கள். அதற்கு ராயல்டிக் கணக்கு கிடையாது. 2011 டிசம்பரில் சம்லின் இறந்தபோது இறுதிச் செலவை ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் ஏற்றுக்கொண்டார்கள். பெரிய மனசுதான். பெரிய மனசை நம்பித்தான் அந்தக் கணக்கு தீர வேண்டியிருந்தது என்பதே பிரச்சினை. வுல்ஃபைப் பற்றி ஒரு வார்த்தை: மேடையில் தவழ்ந்து உறுமும் அந்த மனிதர் தன் குழுவுக்குக் கூலியை நேரத்துக்குக் கொடுத்து, சமூகப் பாதுகாப்பு வரியையும் ஒழுங்காகக் கட்டியவர். அந்தத் தொழிலில் அது அபூர்வம்.

பாடகி பிக் மாமா தார்ன்டனின் விஷயத்தில் பாட்டை எழுதியவர்கள் ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும், இருவருக்கும் 19 வயது. 1952-ல் அவரை நேரில் பார்த்துவிட்டு அவருக்கென்றே எழுதினார்கள். அவர் உறுமினார், முனகினார், கிட்டாரோடு வம்பளந்தார். தட்டு ஆர் அண்ட் பி பட்டியலில் 7 வாரம் முதலிடம். 500 டாலர் காசோலை ஒன்று வந்தது, அவ்வளவுதான் என்று தார்ன்டன் சொல்லியிருக்கிறார். 1956-ல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது எழுதியவர்களுக்குப் பணம் வந்தது, அது நியாயம். அந்தப் பாட்டுக்கு முதலில் ஒரு குணத்தைக் கொடுத்த குரலுக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.

ரூத் பிரவுனின் கணக்கு

வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத் ஊர்க்காரரான ரூத் பிரவுன் 1948-ல் அட்லான்டிக் கம்பெனியில் பாடப் போகும் வழியில் கார் விபத்தில் சிக்கி, பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதே கட்டிலில்தான். 1950-ல் அவர் பாட்டு ஒன்று 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. வரியின் கடைசியில் குரலைச் சட்டென்று உடைத்து ஒரு கீச்சொலி போடுவார். அதை லிட்டில் ரிச்சர்ட் தன் கூவலுக்கு எடுத்துக்கொண்டார். அட்லான்டிக்கை 'ரூத் கட்டிய வீடு' என்று சொல்லும் அளவுக்கு விற்றது. 1961-ல் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். அறுபதுகளில் வீட்டு வேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார், இரண்டு பையன்களை வளர்த்தார்.

எங்கே போனது பணம்? ஒப்பந்தத்தின் கணக்கு முறையைப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்: தட்டு 1 டாலர், பாடகருக்கு 5 சென்ட். பதிவுக்கு ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர் கூலி, இசை அமைப்பு எல்லாம் சேர்த்து 2,000 டாலர். இந்தச் செலவு முழுவதும் பாடகரின் 5 சென்டில்தான் கழியும், கம்பெனியின் 95 சென்டில் அல்ல. 40,000 தட்டு விற்றால்தான் கடன் அடையும். அதற்குள் அடுத்த பதிவு வந்துவிடும், அதன் செலவும் ஏறும். ஓடாத பாட்டின் செலவு ஓடிய பாட்டின் வரவில் கழியும். பாட்டு ஹிட் ஆக ஆகப் பாடகர் கடன்காரர் ஆகிக்கொண்டே போகலாம். ரூத் பிரவுன் கணக்குக் கேட்டபோது, நீங்கள்தான் எங்களுக்குத் தர வேண்டும் என்ற பதில் வந்தது இப்படித்தான்.

எண்பதுகளில் ஹோவெல் பெகிள் என்ற வழக்கறிஞர், அவர் பாட்டின் ரசிகர், இந்த வழக்கைக் கையில் எடுத்தார். ரூத் பிரவுன் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் போய்ப் பேசினார், பத்திரிகைகளிடம் பேசினார். 1988-ல் அட்லான்டிக் தன் 40-ஆம் ஆண்டு விழாவுக்கு நியூயார்க்கில் பெரிய மேடை போட்டிருந்தது. அந்த நேரத்தில் இந்தச் செய்தி ஓடுவது யாருக்கும் வசதியாக இல்லை. ரூத் பிரவுனோடு வேறு பல பழைய கலைஞர்களின் கடன் கணக்கும் அடிக்கப்பட்டு, பழைய ராயல்டியும் கொடுக்கப்பட்டது. கம்பெனி கொடுத்த நிதியில் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் உருவானது. அடுத்த வருடம் பிராட்வே மேடையில் நடித்ததற்காக ரூத் பிரவுன் டோனி விருது வாங்கினார். இதில் கவனிக்க வேண்டியது, நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இதைச் செய்யவில்லை. வெட்கம் செய்தது.

ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹுக்கர் இந்த விளையாட்டைத் தன் வழியில் ஆடினார். 1948-ல் டெட்ராய்ட்டில் ஒரு கிட்டார், ஒரு குரல், மரப்பலகையில் தட்டும் அவர் கால், அவ்வளவையும் மைக் வைத்துப் பதிந்தார்கள். கார்டு மாறவே மாறாத அந்தப் பாட்டு அடுத்த வருடம் ஆர் அண்ட் பி முதலிடம். ராயல்டி வராது என்று தெரிந்ததும் ஹுக்கர் கையில் ரொக்கம் தரும் எந்தக் கம்பெனிக்கும் போய்ப் பாடிவிட்டு வருவார். ஒப்பந்தத் தொல்லைக்காகத் தட்டில் பெயர் மட்டும் மாறும். டெக்ஸாஸ் ஸ்லிம், பர்மிங்ஹாம் சாம், டெல்டா ஜான், எல்லாம் ஒரே ஆள். அந்தக் குரலைக் கேட்டு ஏமாந்த ரசிகர் யாராவது இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

அவர் பாட்டின் உந்துதலை ஒட்டி 1973-ல் ஸீஸீ டாப் குழு ஒரு பாட்டுப் போட்டது. வழக்கு வந்தது. போட்டது ஹுக்கர் அல்ல. பதிவு செய்த தயாரிப்பாளர் பெர்னார்ட் பெஸ்மனின் பதிப்பு நிறுவனம். 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு தலையைச் சுற்ற வைக்கும்: தட்டை விற்றதுமே பாட்டு 'வெளியிடப்பட்டதாக' ஆகிவிட்டது, உரிய காலத்தில் உரிய சடங்குகளைச் செய்யவில்லை, அதனால் அது பொதுச்சொத்து. இப்படிப் பார்த்தால் பழைய பாட்டுகள் ஆயிரக்கணக்கில் பொதுச்சொத்தாகிவிடும் என்று பதிப்பு நிறுவனங்கள் அலறின. 1997-ல் காங்கிரஸ், 1978-க்கு முந்தைய தட்டு விற்பனை பாட்டை வெளியிட்டதாக ஆகாது என்று சட்டத்தையே திருத்தியது. ஹுக்கரின் கால் தட்டலைக் காக்க நாற்பது ஐம்பது வருடம் அசையாத சட்டம், பதிப்பாளர்களின் பெட்டகத்துக்கு ஆபத்து என்றதும் இரண்டே வருடத்தில் அசைந்தது.

இங்கிலாந்துக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1958-ல் மடி வாட்டர்ஸ் மின்சார கிட்டாரோடு அங்கே போனபோது, நாட்டுப்புறக் கலைஞரை எதிர்பார்த்த சிலர் சத்தம் தாங்காமல் முகம் சுளித்தார்கள். அடுத்த தடவை மரக் கிட்டாரோடு போனார். அதற்குள் இளைஞர்கள் மின்சார ஒலிக்கு மாறியிருந்தார்கள். 1961-ல் டார்ட்ஃபர்ட் ரயில் நிலையத்தில் மிக் ஜாகர் கையில் இருந்த செஸ் தட்டுகளைப் பார்த்துத்தான் கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற குழுவின் பெயரையே மடியின் 1950 பாட்டிலிருந்து எடுத்தார்கள். 1964-ல் அவர்கள் செஸ் ஸ்டுடியோவுக்குப் போனபோது மடி ஏணி மேல் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார் என்று கீத் சொல்வார். லெனர்டின் மகன் மார்ஷல் அதைத் திட்டமாக மறுக்கிறார். எனக்கு மார்ஷல் பக்கம்தான் நம்பிக்கை. மேதையைக் கூலியாளாகப் பார்ப்பதில் ரசிகர்களுக்கு ஒரு சுவை இருக்கிறது. ஒன்றைப் பாராட்ட வேண்டும்: 1965 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றும்போது ஹவுலின் வுல்ஃபையும் கூட்டி வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டது ஸ்டோன்ஸ். சொந்த நாட்டுப் பார்வையாளர்கள் பலருக்கு அதுவே முதல் அறிமுகம்.

ஸ்டோவால் தோட்டத்தில் மடி இருந்த குடிசை இப்போது கிளார்க்ஸ்டேல் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது. அதே அருங்காட்சியகம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பில் படித்தவர் 1999-ல் பிறந்த கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்கிராம்; 2022-ல் கிராமி வாங்கினார். அவர் கிட்டாரில் மடியும் கேட்கும், கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்த ராக் கிட்டாரும் கேட்கும்.

சட்டம் எங்கே வந்து நிற்கிறது? அமெரிக்காவில் ஒலிப்பதிவு என்பதே தனிச் சொத்தாக மத்தியச் சட்டத்துக்குள் வந்தது 1972 பிப்ரவரி 15 முதலான பதிவுகளுக்குத்தான். இந்தக் கட்டுரையில் வந்த தட்டுகள் ஏறக்குறைய எல்லாமே அந்தத் தேதிக்கு முந்தியவை. 2018-ல் வந்த இசைச் சட்டம் பழைய பதிவுகளையும் உள்ளே சேர்த்தது. இணைய வானொலியிலோ செயற்கைக்கோள் வானொலியிலோ ஒலித்தால் வரும் தொகையில் பாதி பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, 5 சதவீதம் பக்கவாத்தியக்காரர்களுக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும். அந்த 5-லும் வாத்தியக்காரர் பங்கு இரண்டரைதான். ஆனாலும் மடியின் 1954 பாட்டில் மவுத் ஆர்கன் வாசித்தவர் என்று லிட்டில் வால்ட்டரைப் போன்றவர்களுக்கு ஒரு பத்தி திறந்தது அப்போதுதான். சாதாரண ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் அதே பாட்டு ஒலித்தால் எழுதிய டிக்சனின் பங்கு போய்ச் சேரும். பாடிய மடிக்கும், ஊதிய வால்ட்டருக்கும் அங்கே இன்றுவரை ஒன்றும் கிடையாது. அதை மாற்றும் மசோதா காங்கிரசுக்குப் பல தடவை வந்துவிட்டது. வானொலி நிலையங்களின் சங்கம் ஒவ்வொரு தடவையும் எதிர்த்து நிற்கிறது.